எழுப்பாமல் விட்ட காமன்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் தனியார் பஸ்களில் ஒன்றில் லெட்சுமணன் என்றொரு கண்டக்டர் இருக்கிறார். அந்த வழியில் ஒரு தடவை போனவர்களுக்கும் அவர் குரல் மறக்காது. ஸ்டாண்டில் நின்று "நாலந்தா, நாவுல, தம்புள்ள" என்று அவர் கூப்பிட்டால், கண்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கூட நாலந்தாவில் நமக்கு ஏதாவது வேலை இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். தமிழில் ஏசுவார், சிங்களத்தில் சமாதானம் செய்வார். வயது நாற்பத்தைந்து. முடியை நீளமாக வளர்த்துப் பின்னால் கட்டியிருப்பார். புதிதாக வருகிற பொலிஸ்காரர்கள் அந்த முடியை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "இவர்தான் சேர் எங்க ரதி" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாராவது விளக்கம் சொல்வார்கள். அதற்குப் பிறகு பொலிஸ்காரர் இன்னும் கொஞ்சம் குழம்பிப் போவார்.

லெட்சுமணன் பிறந்து வளர்ந்த தோட்டம் மாத்தளைக்கு வடக்கே, ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். ரப்பரும் கொக்கோவும் இருக்கிற தோட்டம். அங்கே மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த கதை. மன்மதனைத் தோட்டத்தில் காமன் என்பார்கள். அவன் பெண்சாதி ரதி. கூத்தில் பெண்கள் வேஷம் கட்டுவதில்லை என்பதால் ரதியும் ஆம்பிளைதான். லெட்சுமணனுக்கு இருபத்திரண்டு வயதில் அந்த வேஷம் வந்து சேர்ந்தது. அதுவரை ரதியாக இருந்தவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார், இவருக்கோ மீசை சரியாக முளைக்கவில்லை. அவ்வளவுதான் தகுதி. பிற்பாடு மீசை நன்றாகவே முளைத்தது. மாசி பிறந்தால் மழித்துக்கொள்வார்.

கூத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. கையில் காப்புக் கட்டிவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, கவிச்சி கூடாது. எரித்த காமனை எரித்த இடத்திலேயே எழுப்ப வேண்டும். எழுப்புகிற வரைக்கும் ரதி பேசக் கூடாது, ஒப்பாரி மட்டும் பாடலாம். எழுந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ஆகவே மற்றவர்கள் அவனைக் கண்டும் காணாதது போல இருந்துகொள்ள வேண்டும். அவன் வீட்டுக்குப் போய், பெற்றவள் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவன் மறுபடி எல்லார் கண்ணுக்கும் மனிதன்.

தோட்டத்தில் எரித்த மூன்றாம் நாள் எழுப்புவார்கள். அதுவரை லெட்சுமணனுக்கு லீவு. பஸ் முதலாளி மறுப்புச் சொன்னதில்லை. வாய் திறக்காத கண்டக்டரை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார். வீட்டில் மனைவி சுதர்ஷினி, வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த குறைகளை அந்த நாட்களில்தான் ஒன்று விடாமல் சொல்லி முடிப்பாள். பதில் வராது என்ற தைரியம்.

காமன் வேஷம் சுதர்ஷினியின் அண்ணன் சிவஞானத்துடையது. சிவஞானமும் லெட்சுமணனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிறகு ஒரே பஸ்ஸில் ஒருவர் டிரைவர், ஒருவர் கண்டக்டர். மாசியில் ஒருவர் காமன், ஒருவர் ரதி. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால், புருஷன் பெண்சாதி சண்டை, நமக்கெதற்கு என்று பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கொரோனா வந்த வருடம் காமனை எரித்தாயிற்று. எழுப்ப வேண்டிய நாளில் பொலிஸ் வந்து, கூட்டம் கூடக் கூடாது என்றது. அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். கூத்தைப் பழக்கி நடத்துகிறவரைக் காமன் மாஸ்டர் என்பார்கள், அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த கிழமை ஊரடங்கு போட்டுவிட்டார்கள். லெட்சுமணன் வீட்டுக்குள்ளே வாயை மூடிக்கொண்டு நாள் கணக்கில் இருந்தார். கடைசியில் நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிறுத்திப் பேர் கேட்டார்கள். பேர் சொல்லாதவருக்கு அரிசி இல்லை. அவர் சொன்னார். அப்புறம் மழை பெய்து காமனின் சாம்பலும் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த வருடம் சிவஞானத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், வரும்போது சீல் வைத்த பெட்டியில் வந்தார். அதுவும் வீட்டுக்கு வரவில்லை, நேரே எரிக்கிற இடத்துக்குப் போயிற்று.

சிவஞானத்தின் தாய் கிருஷ்ணம்மா, லெட்சுமணன் குடியிருக்கும் அதே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். மகன் செத்த செய்தியைக் கேட்டு அவர் மருமகனிடம் சொன்னது ஒரே வார்த்தை. "எழுப்பாம விட்டுட்டீங்களே மாப்புள." அதற்கு மேல் குறை சொல்லவில்லை, சண்டை பிடிக்கவில்லை, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பாமலும் இருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் காமன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கூத்து நின்றது. லெட்சுமணன் மட்டும் முடியை வெட்டவில்லை. ஏனென்று சுதர்ஷினி கேட்டால், "பார்பர்கிட்ட போக நேரமில்ல" என்பார். பார்பர் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் இருக்கிறது.

போன வருடம் ஆவணியில் நாலந்தாவில் ஒரு விழா எடுத்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்த சனங்களை நினைத்து 'முன்னோடிகள் விழா' என்று பேர். அவர்கள் நடந்த பாதையில்தான் இப்போது தார் போட்டிருக்கிறது, லெட்சுமணன் டிக்கட் கிழிக்கிறார். விழாப் பொறுப்பு கிருஷாந்தினி என்ற பெண்ணிடம் இருந்தது. மாத்தளை டவுன்காரி, கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். கெட்டிக்காரி, சாப்பிடாமல்கூட ஓடி ஓடி வேலை செய்வாள், ஆனால் உலகத்தில் உள்ள எதையும் நிமிஷத்தால்தான் அளப்பாள்.

அவள் தோட்டத்துக்கு வந்து மாஸ்டரிடம் நாற்பது நிமிஷத்துக்குக் காமன் கூத்து வேண்டும் என்றாள்.

மாஸ்டர் சிரித்தார். "விடிய விடிய ஆடுறது மிஸ் அது. ரதியும் காமனும் சண்டை புடிக்கவே ஒரு சாமம் போகும்."

"சண்டையக் கொஞ்சம் குறைச்சிக்கலாமே மாஸ்டர்."

பேரம் நீண்டது. முடிவில் முப்பது நிமிஷம் எரிக்க, பத்து நிமிஷம் எழுப்ப என்று ஒப்பந்தமாயிற்று. முறைப்படி காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும், எரித்த கையோடு அங்கேயே எழுப்பிவிட வேண்டும் என்று மாஸ்டர் நிபந்தனை வைத்தார். இன்னொரு தடவை நாள் தள்ளிப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. கிருஷாந்தினி எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டு போனாள்.

காமனுக்கு அழகான ஆள் வேண்டும். தோட்டத்தில் மிச்சமிருந்த அழகான ஆள் சிவஞானத்தின் தம்பி அஜந்தன்தான். இருபத்தாறு வயது. டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. எரிவது எழுவதிலெல்லாம் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. மேடை, லைட், வீடியோ என்றதும் சரியென்று விட்டான். கிருஷ்ணம்மாதான் பிடிகொடுக்கவில்லை. லெட்சுமணன் போய்க் கேட்டார். கடைசியில் கிருஷ்ணம்மா இறங்கி வந்தார்:

"கூட்டிட்டுப் போங்க மாப்புள. ஆனா எழுப்பித்தான் கூட்டிட்டு வரணும். எழுப்பாம இந்த வாசலுக்கு அவன் வரக் கூடாது."

"எழுப்பாம வரமாட்டேன் அத்த."

"வாக்கா?"

"வாக்கு."

பஸ்ஸில் 'அடுத்த ஹோல்ட்ல சீட் கிடைக்கும்' என்று ஆயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்திருப்பவர்தான். ஆனால் இந்த வாக்கைக் கொடுத்துவிட்டு வந்து அவர் அன்றைக்குச் சோற்றில் கைவைக்கவில்லை.

விழா நாளில் நாலந்தா மைதானம் நிறைந்திருந்தது. நடந்து வந்தவர்களைக் கொண்டாட வந்த சனத்தின் வாகனங்களை நிறுத்த ஒரு பக்கத்து வயலையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓலைக் கொட்டில்கள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒன்றில் லாக்கு அரக்குப் பூசிய பிரம்புகள், ஒன்றில் சட்டி பானை வனைகிற சக்கரம், ஒன்றில் கலேவெலப் பக்கத்திலிருந்து வந்த மஸூதா என்ற முஸ்லிம் பெண்மணி பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். மேடையில் வஹகோட்டைக்காரர்களின் பாட்டு, பிறகு ரபான் கொட்டுகிறவர்கள், பிறகு காமன். மஸூதாவின் கொட்டிலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. அங்கேதான் கூட்டம் அதிகம், எந்த விழாவிலும் அப்படித்தான்.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். வந்தவர் பேசினார், பேசியவருக்கு நன்றி சொல்லவும் ஒருவர் பேசினார். காமனுக்கு மேடை கிடைக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நடுச்சாமத்தில் எரிகிற காமன் அன்றைக்குப் பின்னேரம் எரிந்தான். ஆனாலும் குறை சொல்ல முடியாது, நன்றாகவே எரிந்தான். மேடைக்கு முன்னால் மண்ணில் நட்ட கம்பத்தில் தீ பிடித்ததும், தப்பு அடிக்கிறவர்கள் உயிரைக் கொடுத்து அடித்தார்கள். அஜந்தன் மேடையில் விழுந்தான், வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். லெட்சுமணன் பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, வெள்ளைச் சேலைக்கு மாறி வந்து முதல் ஒப்பாரியை எடுத்தார்.

"கரும்பு வில்லு புடிச்சவனே – நீ
கண்ணுபட்டு வெந்தியே
மல்லியப்பூ பாய்விரிச்சேன் – நீ
மண்ணுலயா படுத்திருக்க"

அந்த நேரம் விருந்தினர் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவர் போவதற்குள் பரிசுகளைக் கொடுத்துவிட வேண்டும். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து, அருமையான நிகழ்ச்சிக்குப் பலத்த கைதட்டல் என்றார். சனமும் தட்டியது. தப்புக்காரர்களுக்கு முன்னால் வைத்திருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வாளியோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்கள். லெட்சுமணன் குதித்து ஓடி, சுடச் சுட ஒரு கை சாம்பலை முந்தானையில் அள்ளிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், மேடையைத் துப்புரவு செய்கிற பையன்கள் வெள்ளைத் துணியை இழுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். எழும்பச் சொன்னார்கள் போலும். அஜந்தன் எழும்பி, தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டான்.

மாஸ்டர் கிருஷாந்தினியைப் பிடித்தார். "மிஸ், இன்னும் எழுப்பல."

"மாஸ்டர், சனத்துக்குக் கதை விளங்கிருச்சு தானே. எரிச்சதோட முடிச்சா இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"கதைக்கு நல்லா இருக்கும். எங்களுக்கு இருக்காது."

"ப்ளீஸ் மாஸ்டர், இருபத்தஞ்சு நிமிஷம் பிந்திப் போச்சு. நா என்ன செய்ய."

லெட்சுமணன் அவள் முன்னால் போய் நின்றார். நாள் முழுக்க ஊரைக் கூப்பிட்டுப் பிழைக்கிற மனிதர், வாயில் ஒரு சொல் எடுக்க முடியாமல் கையைக் காட்டினார், முந்தானைச் சாம்பலைக் காட்டினார், மேடையைக் காட்டினார். அவளும் இரக்கப்பட்டு ஒரு போத்தல் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். வேறு வழியில்லை. ரதிக்கு அனுமதித்த ஒரே பேச்சில் அவர் முறையிட்டார்.

"நாப்பது நிமிஷமுன்னு
நாள்குறிச்ச எந்தாயே
எரிக்க நேரம் தந்தவளே
எழுப்ப நேரம் தரலையே"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கிருஷாந்தினி போனை எடுத்து, விழாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேரடியாகப் போட ஆரம்பித்தாள். "சூப்பர் அண்ணா, அப்படியே பாடுங்க" என்றாள். லெட்சுமணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரத்தையும் ராகம் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்றால் மனிதன் என்ன செய்வான். அவளை விட்டுவிட்டு அஜந்தனைத் தேடிப் போனார். பின்னாலேயே போனும் கூட்டமும் வந்தன.

எரிந்துபோன காமன் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, உளுந்து வடையை ஒரு கையிலும் பிளேன்டீயை ஒரு கையிலும் வைத்துக்கொண்டிருந்தான். கிரீடம் பக்கத்தில் கிடந்தது. விரதம் இருந்த பசி, அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மாஸ்டர் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாஸ்டர்" என்றான் அஜந்தன். "எழுப்பிட்டோம்னு அம்மாகிட்ட சொல்லிக்குவோம். மச்சான் சொன்னா அவங்க நம்புவாங்க."

"பொய் சொல்றதா?"

"அண்ணன் செத்தது கொரோனாவுல மாஸ்டர். காமனால இல்ல. எத்தன பேர் செத்தாங்க, அவங்கல்லாம் காமன் வேஷமா கட்டினாங்க?"

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க லெட்சுமணனாலும் முடியவில்லை. அவரும் அதைத்தான் தனக்குத் தானே பல தடவை சொல்லியிருந்தார், ராத்திரித் தூக்கம் வராத நேரங்களில். ஆனால் கிருஷ்ணம்மாவின் முன்னால் போய் எழுப்பிவிட்டேன் என்று பொய் சொல்லுகிற வாய் தனக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அம்மாள் ஒருமுறை ஏமாந்தது போதாதா. அவர் மைத்துனன் முன்னால் நின்று, சாம்பல் முந்தானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ரதியின் பாட்டைத் திரும்பவும் எடுத்தார். கரும்பு வில்லு புடிச்சவனே என்று தொடங்கினார். இரண்டாம் அடி வரவில்லை. இத்தனை வருடமாகத் தூக்கத்திலும் மறக்காத பாட்டு. வாய் திறந்தபடியே நின்றது. பிறகு வேறொன்று வந்தது.

"ஆஸ்பத்திரி வாசலிலே
அந்தி மட்டும் நின்னேனே
சீலு வச்ச பெட்டிக்குள்ள – உன்
செவந்த முகம் பாக்கலையே
சேந்து போன ரோட்டுலதான்
தனியாளாப் போறேனே
சிவஞானம், எந்திரிச்சு
சேதி ஒண்ணு சொல்லலையே"

இது கூத்துப் பாட்டல்ல என்று மாஸ்டருக்கு உடனே விளங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். லெட்சுமணனுக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அதற்குள் அவர் தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, சிவஞானம் சிவஞானம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிநேகிதன் செத்த நாளில் வாகனம் தேடி, கடிதம் தேடி, கையெழுத்துக்கு அலைந்து, எல்லாரையும் தேற்றி, பிறகு பதினான்கு நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மனிதர். அழுவதற்கு அவருக்கு முறை வரவே இல்லை.

மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. பேர் வாசிப்பது கேட்கவில்லை என்று யாரோ சொல்லி அனுப்ப, கிருஷாந்தினி போனைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தாள். "அண்ணா, கொஞ்சம் மெதுவா—"

பாய்க் கொட்டிலிலிருந்து மஸூதா எழுந்து வந்தார். "அழ உடுங்க மகள்."

"இல்ல ஆன்ட்டி, மேடையில..."

"மேடை இருக்கட்டும். எங்கட மாப்புளட கூடப் பொறந்த நானா அதே கொரோனா வருத்தத்துல மௌத்தாகின. எங்கட மையத்தையும் அடக்க உடாம எரிக்கத்தான் வேணுமென்டு எடுத்துக்கிட்டுப் போன நேரம், ரோட்டுல நின்டு அழக்கூட உடல்ல. சத்தம் போட வேணாமென்டு சொல்ல அன்டைக்கும் ஒரு ஆள் நின்ட." மஸூதா குரலை உயர்த்தவில்லை. "நீங்க அந்த ஆளா இருக்காதீங்க."

கிருஷாந்தினி மேடைப் பக்கம் கையைக் காட்டி, பொறுக்கச் சொன்னாள்.

அஜந்தன் கையிலிருந்த கோப்பையைப் பெஞ்சில் வைத்தான். அண்ணன் பேரை அப்படி ஒருவர் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. வீட்டில் அந்தப் பேரைச் சொல்வதே குறைந்துபோயிருந்தது. அவன் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "எங்க படுக்கணும் மாஸ்டர்?" என்று கேட்டான்.

எரித்த இடத்தில் இப்போது விருந்தினருக்கு நாற்காலி போட்டிருந்தது. அதே மைதானம்தானே, சாம்பல்தான் கையில் இருக்கிறதே என்று மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். மஸூதா தன் கொட்டிலில் காட்சிக்குத் தொங்கவிட்டிருந்த பாயை இறக்கி உதறி விரித்தார். அடுத்தது பால் வேண்டும். தேத்தண்ணிக் கடைக்காரரிடம் பசும்பால் இல்லை, பால்மாதான் இருந்தது. மாஸ்டர் தயங்கினார். "பரவால்ல, கரைங்க" என்று தானே சொல்லிவிட்டு, சிவனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் பழக்க தோஷத்தில் சீனியையும் போட்டுவிட்டார்.

அஜந்தன் பாயில் படுத்தான். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். துணிக்குக் கீழே அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. லெட்சுமணன் சாம்பலைத் தூவி, இனித்த பாலைத் தெளித்து, முறைப்படி மூன்று தரம் காமனைக் கூப்பிட்டார். மூன்றாம் தரம் தப்பு அதிர்ந்தது. மேடையில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். காமன் எழுந்து உட்கார்ந்தான். முகம் முழுக்கப் பாலும் சாம்பலும் கண்ணீரும். மாஸ்டர் லெட்சுமணனுக்குக் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டார்.

அதோடு தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அஜந்தனைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கிருஷாந்தினி ஓடிப்போய் அவனுக்குரிய சான்றிதழை எடுத்து வந்து நீட்டினாள்.

"யாருக்கு மிஸ் குடுக்கிறீங்க?" என்று மாஸ்டர் கேட்டார். "அங்க யாரும் இல்லையே."

அவள் அஜந்தனைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு சான்றிதழைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, தானும் வேறு பக்கம் திரும்பி நின்றாள். சொல்லிக்கொடுக்காமல் செய்தாள், அதற்காக அவளை மன்னிக்கலாம். மஸூதா பாயைச் சுருட்டப் போனபோது லெட்சுமணன், "கழுவிக் குடுக்கிறேன் ராத்தா" என்றார். எரித்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. குரல் கம்மிப்போய்ப் பாதிதான் வந்தது.

"காஞ்சா உதிந்துடும் தம்பி. நீங்க வீட்ட போங்க" என்றார் மஸூதா.

திரும்பி வந்தது லெட்சுமணன் வேலை செய்கிற அதே பஸ்ஸில்தான். அன்றைக்கு மாற்றாள் ஒருவர் கண்டக்டராக இருந்தார். அவர் அஜந்தனின் சீட்டுப் பக்கம் வந்து கையை நீட்டினார். தப்புக்காரர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார், லெட்சுமணனின் குங்குமத்தைக் கவனித்தார், ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போனார். அந்த வழியில் ஓடுகிறவர், இந்த அளவு தெரியாமலா இருக்கும்.

தோட்டத்து வாசலில் இறங்கி மேலே ஏறியபோது பொழுது போய்விட்டது. லயத்தில், தன் காம்பரா வாசலில் கிருஷ்ணம்மா நின்றுகொண்டிருந்தார். அஜந்தன் அவருக்கு முன்னால் போய் நின்றான். அவர் உடனே கூப்பிடவில்லை. மகனின் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். காய்ந்துபோன பாலைக் கன்னத்தில் தொட்டுப் பார்த்தார்.

"அஜந்தன்" என்றார்.

"ம்மா."

"உள்ள போ. மூஞ்சக் கழுவு."

அவன் போன பிறகும் அவர் வாசலை விட்டு நகரவில்லை. லெட்சுமணனும் நின்றார். வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி வர வேண்டிய நேரம், வரவில்லை. மாமியார் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

"சுதர்ஷினி போன்ல காட்டினா மாப்புள. பெரியவன் பேரச் சொல்லி அழுதீங்க."

"வாயில வந்துருச்சு அத்த. அந்த எடத்துல வந்திருக்கக் கூடாது."

"அவன் போனப்ப நா அழல" என்றார் கிருஷ்ணம்மா. "பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னாங்க. கிட்ட வரக் கூடாதுன்னாங்க. சரி சரின்னு எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அப்புறம் அழுவோம்னு பாத்தா வரல. மூணு வருஷமா வரவே இல்ல. எனக்கே என்னமோ ஆகிப்போச்சுன்னு நெனச்சேன்."

லெட்சுமணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்திருந்தது. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது, அதை முடிய அவருக்கு நினைவே இல்லை.

"நீங்க பாடினத திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவளும் போட்டா. ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம், லயத்துல எல்லாரும் வந்துட்டாங்க, அவங்களும் அழுதாங்க. முடிச்சுப் பாத்தா இருட்டிப் போச்சு." அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்த வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்கல மாப்புள. புள்ள பசியோட வந்திருக்கான். பேக்கரிக் கட மூடறதுக்குள்ள பாண் வாங்கிட்டு வந்துருங்க, எல்லாருக்கும் சேத்து."

"சரி அத்த" என்றார் லெட்சுமணன். குங்குமமும் மஞ்சள் கயிறும் சேலையுமாக அப்படியே கடைக்கு இறங்கினார்.